பயில்வான் படம் போட்ட டப்பா

இன்னாடா பேராண்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல இரும்பு உருக்கற ஆளு, ஆணியில மாட்டுன சட்டை மாதிரி ஆயிட்டியே! நைட் ஷிப்டு பூரா டீயும் பன்னுமா ஓட்டுனா டிபி வராம, சம்பளமா ஏறும்?

அலமாரியில இன்னா டப்பா அது? எதிர்ப்பு சக்தி பவுடரா? அந்தக் காசுக்கு எத்தினி முட்டை வரும் தெரியுமா? மேல கீற பயில்வான் பவுடர் துன்னா அப்படி ஆனான்? ஆட்டுக்காலு துன்னுருப்பான்.

1968ல, நம்ம ஊரு செங்கல்பட்டு ஜில்லாவுல இருந்தப்போ, டிபிக்கு ஊசி பலிக்குதான்னு பாக்க வூடு வூடா வந்தாங்க. எனக்கும் குத்துனாங்க. சில பேருக்கு மருந்து, சில பேருக்கு வெறுந்தண்ணி. எனக்குப் போட்டது எதுன்னு குத்துனவனுக்கே தெரியாது. 15 வருஷம் பாத்துட்டு, பெரியவங்களுக்கு அது பலிக்கலன்னுட்டாங்க. கைக்கொழந்தைக்குப் போடறது வேற கதை, நோவு மூளைக்கு ஏறாம காக்கும், அத நிறுத்திடாதே. ஊசிக்கே அந்த கதின்னா உன் டப்பா எந்த மூலைக்கு?

அமாவாசைக்கு வைத்திய வீரராகவரு கோயிலுக்குப் போயி, குளத்துல வெல்லம் கரைச்சுட்டு வந்தியாமே. பெருமாளு கோச்சுக்க மாட்டாரு. ஆனா வேர்க்கடலையோட ஒரு துண்டு உன் வாயிலயும் கரைஞ்சிருக்கலாம். உங்க அத்தை வேற, முட்டை சூடு, மீனு ஆவாதுன்னு கஞ்சியா ஊத்துறா. அவ கொழம்புல மீனு இல்லாத நாளு எது, கேட்டுப் பாரு.

சர்க்காரு நீ துன்னறதுக்குன்னு மாசம் 1,000 ரூபா பேங்குல போடுது. 2024 நவம்பருக்கு முன்னாடி 500தான். ஏறுன அன்னிக்கே போனுக்கு ரீசார்ஜ் பண்ணிட்டியே, டிபி உனக்கா போனுக்கா?

மாத்திரைய ஆறு மாசமும் ஒரு நாள் விடாதே. சோறு அதுக்குத் தொணைதான், மாத்து இல்ல. ஒன்னுக்கு செவப்பாப் போனா அலறாதே, அது மாத்திரை நெறம். குவார்ட்டர் பக்கம் போவாதே, மாத்திரையே ஈரலைப் பதம் பாக்கும், நீயும் சேந்து குத்தாதே.

உன்கூட வேலை செய்யறானே ஜார்க்கண்டு பையன், அவங்க ஊருல 2019ல சோறு போட்டா டிபி கொறையுதான்னு ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. நம்ம சேத்துப்பட்டு டிபி ஆராய்ச்சி நிலையமும் கூட இருந்துச்சு. நோயாளிக்கு மட்டும் இல்ல, வூட்டு ஆளுங்களுக்கும் தலைக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூட சத்து மாத்திரை. அந்த வூடுங்கள்ல நுரையீரல் டிபி கிட்டத்தட்ட பாதி கொறஞ்சுபோச்சாம். அரிசி பருப்புடா, பயில்வான் இல்ல.

ஞாயித்துக்கெழம பழவேற்காடு போறவன்கிட்ட நெத்திலி சொல்லி வுடு. வர்ற வழியில முருங்கைக்கீரையும் ஒடிச்சாரச் சொல்லு. எனக்கும் சேத்தே வாங்கு. நான் உன்கூட ஒரே வூட்லதானே கீறேன்?