ஆளுக்கு இரண்டு ஆண்டு

2014 டிசம்பரில் இஸ்ரேலின் தொழிற்கட்சித் தலைவர் ஐசக் ஹெர்சாக்கும் ஹத்னுவா கட்சியின் சிப்பி லிவ்னியும் சேர்ந்து ‘சியோனிச ஒன்றியம்’ கண்டார்கள். பிரதமராக இருந்த நெதன்யாகு வீழ்வதற்கு முன்பே பாகப்பிரிவினை முடிந்தது: பிரதமர் பதவி ஆளுக்கு இரண்டு ஆண்டு. 2015 மார்ச்சில், வாக்குப்பதிவுக்கு முதல் நாள் லிவ்னி தன் பங்கைத் தியாகம் செய்தார். நான்கும் ஹெர்சாக்குக்கே! மறுநாள் வாக்காளர்கள் அந்த நான்கையும் நெதன்யாகுவிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் கட்சிக்கு 30 இடம், இவர்களுக்கு 24.

2019 புத்தாண்டு நாள். தொழிற்கட்சியின் புதிய தலைவர் அவி கப்பாய், கூட்டணி முடிந்தது என்று கேமராக்கள் முன் அறிவித்தார். பக்கத்து நாற்காலியில் லிவ்னி. அவருக்கும் அப்போதுதான் தெரியும். (தோழமைக்கட்சிக்கும் தொலைக்காட்சி நேயருக்கும் ஒரே நேரத்தில் தகவல், சமத்துவம் பேசுகிற கட்சியல்லவா!) பிப்ரவரியில் லிவ்னி அரசியலையே விட்டார். சுமை இறங்கிய தொழிற்கட்சி ஏப்ரலில் தனியே நின்று 6 இடம் பிடித்தது.