ஒரு எட்டு அண்ணாச்சி

திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பேருந்தில் ஏறிக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தென்காசி வந்துவிடும். ஒரு எட்டு அண்ணாச்சியின் வேனில் ஏறினால், காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு ஆலங்குளம் சேரலாம். அதுவும் அன்றைக்கு முகூர்த்த நாளாக இல்லாமல் இருந்தால்.

ஆனி பிறந்து, மேற்கே மலை மறைந்து, சாரல் விழுகிறது என்ற சேதி வந்ததும் தென்மாவட்டத்துக் குடும்பங்களில் வீட்டுக்கு ஓர் அண்ணாச்சி விழித்துக்கொள்வார். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். மின்வாரியம், வருவாய்த் துறை, கூட்டுறவுச் சங்கம் என்று ஏதோ ஒன்றில் ஊர் ஊராக மாற்றலாகி ஓய்வு பெற்றவர். எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே அவருக்குத் தெரிந்த வீடு ஒன்று உண்டு, அந்த வீட்டில் காபியும் உண்டு. நான் சொல்லும் அண்ணாச்சி மின்வாரியம்.

"வந்ததே வந்தோம், ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்." இதைச் சொல்லிவிட்டால் டிரைவர் தம்பி இண்டிகேட்டர் போட்டே ஆகவேண்டும்.

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்களாம். பக்கத்தில் புளியரை தாண்டினால் கேரளம். அங்கேயும் 2021-ல் கேரவன் சுற்றுலா என்று அரசே திட்டம் கொண்டுவந்தது. நமக்குக் கேரவன் என்றால் உள்ளே நடிகர் உட்கார்ந்திருக்க வெளியே தயாரிப்பாளர் நிற்கும் வண்டிதான் ஞாபகம் வரும். அண்ணாச்சிக்கு அதெல்லாம் தேவையில்லை. வாடகை வேனின் மேல்கேரியரில் பாய், ஜமுக்காளம், பிளாஸ்டிக் குடம், இட்லிக் கொப்பரை. கடைசி சீட்டுக்கு அடியில் ஒற்றை அடுப்பும் குட்டி சிலிண்டரும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வாழையிலையில். புளியோதரை தூக்குச்சட்டியில். இவை போக, பை நிறைய அல்வாப் பொட்டலம். எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது மதினியின் சட்டம். எத்தனை வீடு என்று கிளம்பும்போது யாருக்கும் தெரியாது என்பதால், பொட்டலங்களுக்குப் பொறுப்பு மதினியே.

முதல் வரலாற்றுச் சின்னம் அத்தியூத்து தாண்டியதும் வரும். கோயிலோ குளமோ என்று எல்லோரும் இறங்கிப் பார்த்தால், எதிரே டிரான்ஸ்பார்மர்.

"87-ல நான் வெயில்ல நின்னு ஏத்துனது. இன்னிக்கு வரைக்கும் ஒரு பயலும் கை வைக்கல பாத்துக்கோ."

அதையும் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்க்காத பேரனுக்கு அடுத்த கடையில் கலர் கிடையாது.

பாவூர்சத்திரத்தில் காய்கறிச் சந்தை. அங்கே ஒரு பழைய லைன்மேன், ஒரு அல்வா. அங்கிருந்து தெற்கே திரும்பினால் கடையம். செல்லம்மாளின் ஊர், கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி பாரதி 1918 கடைசியிலிருந்து 1920 வரை இருந்த ஊர். குற்றாலத்துக்குப் போகிறவனுக்குக் கடையம் வழியே கிடையாதே என்று டிரைவர் தம்பி தயங்கினான். "பாரதி இருந்த ஊரு வழியில்லையா? எல, வண்டியத் திருப்பு!" திருப்பினான். கடையத்தில் பாரதியைப் பற்றி அரை நிமிடம். அங்கே குடியிருக்கும் அக்கவுண்டன்ட் ஒருவரின் மூட்டுவலியைப் பற்றி ஒன்றரை மணி நேரம்.

அண்ணாச்சியின் திறமை முழுதாக வெளிப்படும் இடம் தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசல். கோபுரத்துக்குள் நுழைந்ததும் மேற்கேயிருந்து மலைக்காற்று ஆளைத் தள்ளும். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளாமல் அங்கே யாரும் பக்தி செய்ய முடியாது. அந்தக் காற்றில் குடும்பத்தையே வரிசையாக நிறுத்தி வைத்து, தலைமுடி பறக்க, அவர் வரலாறு சொல்வார். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குப் பழுது ஏதும் வந்து, அதைத் திருத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் விழுகிறேன் என்று கல்வெட்டிலேயே சொல்லி வைத்தவன். பிறகு கோபுரம் தீக்கிரையாகி, நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் மொட்டையாக நின்று, ஒன்பது நிலையாக எழும்பி 1990-ல் குடமுழுக்குக் கண்டது. உயரம் ஏறத்தாழ 180 அடி. இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் சொல்வார்.

"அந்தத் திருப்பணிக்கு நான் 51 ரூவா குடுத்திருக்கேன். ரசீது வீட்டுல இருக்கு. அப்பம் கணக்குப்படி பாத்தா, பாண்டிய ராசா எங்கால்ல விழுந்திருக்கான்."

மதினி காற்றுக்குச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "விழுந்தவரை எந்திரிக்கச் சொல்லிட்டு வாங்க, பிள்ளைகளுக்குப் பசிக்கி" என்றாள்.

பிள்ளைகள் பாடுதான் பாவம். அவர்களுக்கு வேண்டியது அருவி ஒன்றுதான். "தாத்தா, அருவி எப்ப வரும்?" என்று பேத்தி சீதபற்பநல்லூரிலிருந்தே கேட்டுக்கொண்டு வருகிறாள். ஒருவழியாகக் குற்றாலம் வந்து சேர்ந்தால், பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, போலீஸ் கயிறு கட்டிவிட்டது, குளிக்கத் தடை. ஊரே முகம் வாடி நிற்கிறது. அண்ணாச்சி முகம் மட்டும் மலர்கிறது.

"தண்ணி வடியிறதுக்குள்ள ஒரு எட்டு செங்கோட்டை போயிருவோம்."

செங்கோட்டை நுழைவு வளைவில் திருவிதாங்கூர் சங்கு முத்திரையைக் காட்டி, "56 நவம்பருக்கு முன்னால வந்திருந்தா நீ இப்ப நிக்கது மலையாள ராச்சியம்" என்பார். ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்த ஊர் என்று சிலைக்கு ஒரு கும்பிடு. பண்பொழி திருமலைக் கோயிலுக்கு இப்போது மேலேவரை வண்டி போகிறது. "படி ஏறிப் போனாத்தான் முருகன் பேசுவான்" என்று பிள்ளைகளை ஏற்றிவிட்டு அண்ணாச்சி வேனில் வந்தார். ராத்திரி பார்டரில் பரோட்டா. அங்கே மட்டும் யாரும் பேசவில்லை.

தோட்டங்கள் தனிக்கதை. குற்றாலத்து மண் எதையும் வளர்த்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனே இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் போட்டுப் பார்த்தான். இன்றைக்கும் சீசனில் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியான் என்று நம் ஊர்ச் சந்தையில் பார்க்காத பழமெல்லாம் குவிந்து கிடக்கும். ஐந்தருவிப் பக்கத்துப் பூங்காவில் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நல்லபிள்ளையாக நடப்பார், அங்கே காவலாளி உண்டு. இலஞ்சியில் நண்பர் வீட்டுத் தோட்டத்தில்தான் விரல் அரிக்கும். "ஒரு கொம்பு ஒடிச்சிக்கிடுதேன்" என்று கேட்பது ஒடித்த பிறகு. குரோட்டன்ஸ், அடுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ, பெயர் தெரியாத ஏதோ ஒரு கொடி, எல்லாம் ஈரச்சாக்கில் சுற்றி வேனுக்குள். இரண்டாம் நாள் முடிவில் பேரன் மடியில் ஒரு மங்குஸ்தான் கன்று. சன்னல் கம்பிகளில் ஈரத்துண்டும் வேட்டியும் காய்கின்றன. கட்சி மாநாட்டுக்குப் போகிற வண்டி மாதிரி இருந்ததால் செக்போஸ்டில் நிறுத்தி எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது, சித்திரசபையில் கூத்தன் ஓவியமாக ஆடுகிறான், இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்கலாம். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பக்கத்து மேலகரத்துக்காரர் என்று உரிமையோடு சொல்வார், மேலகரம் துணைமின் நிலையத்தில் ஒரு காலத்தில் டியூட்டி பார்த்த உரிமை. கவிராயர் குற்றாலத்துக் குரங்குகளை எவ்வளவு மரியாதையாகப் பாடியிருக்கிறார் என்று அண்ணாச்சி கையை விரித்து விளக்கிக்கொண்டிருந்தபோது, அந்த விரிந்த கையிலிருந்த முறுக்கு டின்னை ஒன்று வாங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மூடியைத் திருகித் திறந்தது. இலக்கியம் அத்தோடு முடிந்தது.

சிரித்தாலும் நான் அண்ணாச்சி கட்சிதான். குற்றாலத்துக்கு வருகிறவன் குளித்துவிட்டு ஓடவேண்டும் என்பது எப்போது வந்த வழக்கம்? ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் வட்டத்தொட்டி கூட்டிப் பேசியது போதாதென்று குற்றாலத்துக்கே வந்து தங்கிவிட்டார். அவரைத் தேடி ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். ஒரு கம்பன் பாட்டை எடுத்தால் அன்றைய பொழுது அதிலேயே போகும். அண்ணாச்சியின் சபையில் கம்பனுக்குப் பதில் பதினோரு கிலோவோல்ட் லைன். வித்தியாசம் அவ்வளவுதான், சரி, கொஞ்சம் பெரிய வித்தியாசம்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி கயிற்றை அவிழ்த்தார்கள். பிள்ளைகள் சட்டையோடு ஓடினார்கள். ஆண்கள் பக்கம் வரிசையில் நகர்ந்து நகர்ந்து அண்ணாச்சியும் பேரருவிக்கு அடியில் போய் நின்றார். தலையில் தண்ணீர் இடிக்கிறது. பக்கத்தில் இடி வாங்கிக்கொண்டிருந்த மொட்டைத் தலை ஒன்று திரும்பியது.

"ஏ... அம்பாசமுத்திரம் செக்‌ஷன்லா?"

"நீ... சேர்ந்தமரமா?"

அருவிச் சத்தத்துக்கு மேலே இரண்டு பேரும் கத்தினார்கள். யார் யாருக்குப் பென்ஷன் எவ்வளவு, யார் போய்ச் சேர்ந்தார், யார் மகன் அமெரிக்காவில். பின்னால் வரிசை முணுமுணுத்தது. போலீஸ்காரர் விசிலை ஊதினார். அண்ணாச்சி நகரவில்லை. போலீஸ்காரர் நனைந்துகொண்டே உள்ளே வந்து கையைப் பிடித்தார்.

"பெரியவரே, வெளிய வாங்க."

"வாரேன் தம்பி. நீ எந்த ஊரு?"

"வாசுதேவநல்லூர்."

"அங்க வயர்மேன் ஒருத்தரு, குள்ளமா, கடுக்கன் போட்டிருப்பாரு..."

"எங்கப்பாதான்" என்றார் போலீஸ்காரர். விசில் தானாக வாயிலிருந்து இறங்கிவிட்டது.

ஈர வேட்டி காலில் சுற்ற, அண்ணாச்சி வேனை நோக்கி வந்த வேகத்தை அந்த மூன்று நாளில் யாரும் பார்த்ததில்லை. வாசுதேவநல்லூர் வடக்கே, ஊருக்குத் திரும்பும் வழிக்குச் சம்பந்தமே இல்லாத திசை. பக்கத்தில்தான் புலித்தேவனின் நெல்கட்டும்செவல். மதினி தூரத்திலிருந்தே அந்த நடையைப் பார்த்தாள். தலையைத் துவட்டிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அல்வாப் பையைத் திறந்து விரல்விட்டு எண்ணினாள். பிறகு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்த டிரைவரிடம் திரும்பினாள்.

"தம்பி, நாளைக்குச் சவாரி ஏதும் ஒத்துக்கிட்டிருந்தா இப்பவே வேற வண்டிக்கு மாத்திவிட்டுரு."