காத்துக் கருப்பு மேல் ஒரு வழக்கு

சென்னைப் பேய்களுக்கு மனை ஞானம் அதிகம். ஆழ்வார்பேட்டை, அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பேய் உலவுவதாகச் சொல்லும் இடங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மனைத் தரகர் சட்டைப் பையில் வைத்திருக்கும் பட்டியல் அப்படியே வந்துவிடும். வியாசர்பாடியில் பேய் இல்லை. எண்ணூரில் இல்லை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் இருட்டோடு பழைய இரும்பு பொறுக்குகிறவர்களை இதுவரை எந்த மோகினியும் வழிமறித்ததாகத் தகவல் இல்லை. செத்த பிறகும் சதுர அடி விலை பார்த்துத்தான் குடியேறுகிறார்கள் போலிருக்கிறது.

ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனியை எடுத்துக்கொள்வோம். ஜான் டி மான்டி, போர்த்துகீசிய வணிகர், இருநூறு வருடங்களுக்கு முன் மதராசில் பெரும் பணம் சேர்த்தவர். மனைவிக்கு மனநோய். மகன் இளவயதில் போய்விட்டான். சொத்தைத் தருமத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1821இல் கண்ணை மூடினார். நிலம் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் வசம் போனது. பின்னாளில் அங்கிருந்த வீடுகள் பூட்டிக் கிடந்து பாழாயின. பாழானதும் டி மான்டி நடமாட ஆரம்பித்துவிட்டார். பூட்டியது யார், ஏன் பழுது பார்க்கவில்லை என்று உயிரோடு இருக்கிறவர்களைக் கேட்டால் சங்கடம். செத்தவர் பதில் சொல்ல வரமாட்டார் என்ற தைரியத்தில் அவர் தலையில் கட்டியாயிற்று. 2015இல் ஒரு சினிமா, 2024இல் இன்னொன்று. இந்த ஊரில் சொத்தைத் தானம் செய்தால் பேயாக்குவார்கள். ஏரியை வளைத்துக் கட்டடம் கட்டினால் ‘கல்வித் தந்தை’ ஆக்குவார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் பேய் இன்னும் உபகாரி. வெள்ளைச் சேலைக்காரி, தலை நிறைய மல்லிகை, நள்ளிரவில் காருக்குக் குறுக்கே வருவாள், வண்டி நிலைகுலையும். மாமல்லபுரத்துப் பக்கம் விருந்து முடித்துவிட்டு நூற்றிருபதில் வரும் பிள்ளைக்கு இவளைப் போல் ஒரு சாட்சி கிடைப்பாளா? காவலர் ஊதச் சொல்லும் கருவியில் சாராயம் அகப்படும், பேய் அகப்படாது. ஆனால் குறுக்கே வருகிற பெண் என்னவோ உண்மைதான். குப்பத்து வீடு கடல் பக்கம், பஸ் நிறுத்தம் எதிர்ப் பக்கம், நடுவே சுங்கம் வசூலிக்கிற சாலை. விடியுமுன் மீன்கூடையோடு அதைத் தாண்டித்தான் அவள் பிழைக்க வேண்டும். அவள் கட்டியிருப்பது வெள்ளைச் சேலையே இல்லை. வெள்ளை, அப்புறம் மேலே போர்த்துவது.

அடையாற்று முகத்துவாரத்தின் உடைந்த பாலம் அடுத்த கதை. கரையோர மீனவர்களுக்காக 1967இல் கட்டியது. 1977இல், அதாவது பத்தே வருடத்தில், ஆறு அதில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டது. அரை நூற்றாண்டாக அதைச் செப்பனிடவும் இல்லை, இடிக்கவும் இல்லை. ராத்திரியில் அங்கே ஒரு பெண் அலறுகிறாள் என்பது கதை. பத்து வருடம் தாங்காத பாலத்தின் ஒப்பந்தக்காரர் யார் என்று ஒருவரும் அலறியதாகக் கதைகூட இல்லை. ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள், சினிமாக்காரர்கள் சண்டை எடுக்கிறார்கள்.

இதெல்லாம்கூடச் சிரித்துத் தொலைக்கலாம். கரிக்காட்டுக்குப்பத்துக்கு வந்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்த மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. பிழைத்தவர்கள் வேறிடத்துக்குப் பெயர்ந்தார்கள். சுவர்கள் மட்டும் நின்றன. இன்றைக்கு அது ‘சென்னையின் திகில் கிராமம்’. சனிக்கிழமை ராத்திரி காமிராவும், பேயை அளக்கும் மீட்டரும், குலுங்கும் டார்ச்சுமாகப் பையன்கள் வருகிறார்கள். “இங்கே யாராவது இருந்தால் விளக்கை அணைத்துக் காட்டு” என்று ஆங்கிலத்தில் ஆணை போடுகிறார்கள். அடேய், அது ஒருத்தியின் அடுப்படி. அந்த மூலையில்தான் அவள் உப்புச்சாடி வைத்திருப்பாள். செத்தவர்களின் சொந்தக்காரர்கள் கூப்பிடு தூரத்தில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, பட்டா வந்ததா, படகு வந்ததா என்று கேட்க ஒரு மீட்டரும் வேண்டாம். கேட்டால் லைக் விழாது. அவ்வளவுதான்.

இப்போது பட்டியலில் இல்லாதவர்களைப் பார்ப்போம்.

2014 ஜூன் 28 மாலை, மழை. மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு சீட்டுக்கட்டாகச் சரிந்தது. 61 பேர் செத்தார்கள். பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சித்தாள் வேலைக்கு வந்தவர்கள்; கூலி வாங்க நின்ற நேரமோ, மழைக்கு ஒதுங்கிய நேரமோ, அப்படியே அமுங்கிப் போனார்கள். பேய்க் கதையின் இலக்கணப்படி பார்த்தால் அகால மரணம், நிறைவேறாத ஆசை, வாங்காத சம்பளம், எல்லாம் இருக்கிறது. ஒரு காலனிக்கே போதுமான பேய்கள். ஆனால் ஒரு கதை கிளம்பவில்லை. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தபோது மட்டும் ஊரே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது; தொலைக்காட்சிகள் நேரலை காட்டின. மத்தாப்பு முடிந்ததும் கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது.

தமிழ்ப் பேய்கள் இப்படி இளைத்தவை அல்ல. கலிங்கத்துப் பரணியின் பேய்கள் பசி தாங்காமல் நேரே காளியிடமே போய் முறையிடும். இன்றைக்கு மனுநீதி நாளுக்குப் போகிற ஜனங்களைவிட அவற்றுக்குத் துணிச்சல் அதிகம். திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூர் நீலி இன்னும் ஒரு படி மேல். கொன்றவனை மறுபிறவியிலும் விடாமல் துரத்தினாள். “உனக்கு ஒன்றும் ஆகாது, அப்படி ஆகிவிட்டால் எங்கள் உயிரைத் தருகிறோம்” என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தார்கள் 70 வேளாளர்கள். அவன் செத்தான். 70 பேரும் தீயில் இறங்கினார்கள். கதைதான், இருக்கட்டும். ஆனால் பாதுகாப்பு என்று உத்தரவாதம் கொடுத்தவன், அது பொய்த்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்த ஒரு சமூகம் கட்டிய கதை அது. மவுலிவாக்கத்துக்கும் வரைபடத்தில் கையெழுத்து இருந்தது, அனுமதி இருந்தது, முத்திரை இருந்தது. தீயில் இறங்க யாரையும் கூப்பிடவில்லை ஐயா. அந்தக் கையெழுத்துகளை நினைத்துத் தூக்கம் கெட்டவர் ஒருவராவது உண்டா?

தெற்கே நெல்லை, குமரிப் பக்கம் அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவனுக்குப் பீடம் போட்டுக் கொடை கொடுப்பார்கள். வில்லுப்பாட்டில் அவன் எப்படிச் செத்தான், கொன்றது யார் என்பதெல்லாம் வருடா வருடம் ஊர் நடுவே பாடப்படும். பயந்தாவது பாடினார்கள். பட்டணத்தில் நாம், கொன்றது யார் என்பதை மட்டும் வெட்டிவிட்டுக் கதை சொல்லக் கற்றுக்கொண்டோம்.

அப்படி வெட்டியதில் உச்சம் 2019இல் நடந்தது. பள்ளிக்கரணையில் செப்டம்பர் 12 அன்று, கல்யாண வாழ்த்துக்காக அனுமதி இல்லாமல் நட்ட பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. தடுமாறி விழுந்தவள் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கேட்டது. அன்றைய ஆளுங்கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் திருவாய் மலர்ந்தருளினார்: பேனர் வைத்தவரா தள்ளிவிட்டுக் கொன்றார், வழக்குப் போடுவதானால் காற்றின் மேல்தான் போட வேண்டும். ஆத்தாக்கள் காலம் காலமாகச் சொன்னதுதான், காத்துக் கருப்பு அடித்துவிட்டது. அவர்கள் வேப்பிலை அடித்துத் திருநீறு போட்டதோடு விட்டார்கள். இவர்கள் அதையே அரசியல் விளக்கமாகத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து சொன்னார்கள்.

கடைசியாக, இந்த நகரம் ஒருபோதும் பேயாக அனுமதிக்காத சாவு ஒன்று உண்டு. பாதாளச் சாக்கடையில் இறங்கியவன் சாவு. மூடியைத் திறந்ததும் அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு மூக்கின் உணர்வையே முதலில் கொன்றுவிடும்; வாடை தெரியாததால் வாயு இல்லை என்று நினைத்து இறங்குவான். மயங்குவான். அவனைத் தூக்க இறங்கியவனும் மயங்குவான். சில நாள் அவனுக்குப் பின்னால் மூன்றாமவனும். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. விலை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. கழிவுநீர்க் குழிச் சாவுகளுக்கு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. முதலிடம் என்றால் ஃப்ளெக்ஸ் அடிக்கிற ஊர் இது. இதற்கு மட்டும் ஒருவரும் அடிக்கவில்லை.

ஏன் அவன் பேயாக வருவதில்லை? பேய்க்கு நாம் விதித்த தகுதிகள் அவனிடம் இல்லை: வெள்ளைச் சேலை, மல்லிகை வாசம், கொலுசு. அவன் எழுந்து வந்தால் மலக்குழி நாற்றத்தோடு வருவான், அது நம் வீட்டுக் கழிப்பறையிலிருந்து போனது. எந்தச் சாதியிலிருந்து அவனை இறக்கினோம் என்பதும் கூடவே எழுந்து வரும். அப்படிப்பட்ட பேய்க்குப் பாப்கார்னோடு டிக்கெட் எடுக்க ஆள் கிடையாது. ஆகவே அவனை உள்ளேயே விட்டு மூடியைப் போட்டுவிட்டோம்.

பேய் பார்க்கக் கிளம்பும் தம்பிகளே, நள்ளிரவில் முட்டுக்காடு போக வேண்டாம். பகல் பதினோரு மணிக்கு உங்கள் தெருமுனைக்குப் போங்கள். இரும்பு மூடி திறந்து கிடந்து, இடுப்பில் கயிறுகூட இல்லாமல் ஒருவர் இறங்கத் தயாரானால், காமிராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். மேலே நிற்கும் ஒப்பந்தக்காரர் பக்கம் திருப்புங்கள். அவர் பெயரைக் கேளுங்கள், அனுப்பியது யார் என்று கேளுங்கள், 100க்குப் போன் போடுங்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்கினால், 2013 சட்டப்படி முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை.