பாம்பும் படம் எடுக்கும்

எங்கடை ஊரிலை படம் எடுக்கிறது ரெண்டு பேர். ஒண்டு, புத்துக்குள்ளை இருந்த நாகம். மற்றது, சந்தியிலை ஸ்ரூடியோ வைச்சிருந்த மனுசன். ரெண்டு பேருக்கு முன்னாலையும் ஆடாமல் அசையாமல், மூச்சை அடக்கிக்கொண்டு நிக்கவேணும். நோர்வேயிலை, ஒஸ்லோவின்ரை ஹொல்ம்லியாவுக்கு வந்த பிறகு நாகத்தைக் காணேல்லை. அந்தக் குறை தெரியாமல் எங்கடை ஆக்கள் பாத்துக்கொள்ளினம். சாமத்தியவீடோ பிறந்தநாளோ, எங்கை போனாலும் ஆளுக்கொரு போனைத் தலைக்கு மேலை தூக்கிப் படம் எடுத்தபடி ஐம்பது பேர் நிக்கினம்.

இப்ப அதே புத்துக்குள்ளை இருந்து புதுசா ஒரு கூட்டம் வெளிக்கிட்டிருக்கு. பென்சன் எடுத்த எங்கடை வயசுக்காரர். போன கிழமை ஸ்ரேசன் படியிலை ஒருத்தர் என்னை மறிச்சார். "அண்ணை, பேரப்பிள்ளையளோடை சேந்து படம் எடுத்துப் பழகுவம் எண்டு யோசிக்கிறன். என்ன கமெரா வாங்கலாம்?"

"கமெராவைப் பிறகு பாப்பம் தம்பி. முதலிலை முழங்காலுக்கு ஒரு போத்தில் எண்ணெய் வாங்கு" எண்டன்.

மனுசன் பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு ரயிலேறிப் போட்டார். இது பகிடி இல்லை, பட்டு அறிஞ்சது.

மகளின்ரை மூத்தவளுக்கு எட்டு வயசு. போன கோடையிலை அவளைக் கூட்டிக்கொண்டு வேர்வென்புக்தா கடற்கரைக்கு இறங்கினன். கமெரா அவளின்ரை கழுத்திலை, வாய் என்னட்டை. வழி முழுக்கப் பாடம் நடத்தினன். தலை வெட்டுப்படாமல் எடு, சூரியனைப் பாத்து எடுக்காதை, ஆளை நடுவிலை நிப்பாட்டு. பிள்ளையும் "யா, யா" எண்டு நோர்வேக்காரர் மாதிரித் தலையாட்டினாள். வீட்டை வந்து பாத்தால் 43 படம். நாய் ரெண்டு, றோட்டிலை கிடந்த இரும்பு மூடி ஒண்டு, வாத்தின்ரை பின்பக்கம் ஆறு. மிச்சத்திலை பதினொண்டு என்ரை வண்டி. வயிறு எண்டு மரியாதையாச் சொல்லலாம். ஆனால் படத்திலை இருந்தது வண்டிதான்.

"ஏன் பிள்ளை, அம்மப்பாக்குத் தலை இல்லையோ?"

"தலை மேலை இருக்கு அம்மப்பா. எனக்கு நேரை இதுதான் இருக்கு."

அண்டைக்குத்தான் கண்டியளோ, நான் முழங்காலை மடிச்சன். ரெண்டு முழங்காலும் பழைய கதவு மாதிரிச் சத்தம் போட்டுது. மடிச்சு அவளின்ரை உயரத்திலை இருந்து பாத்தால் இது வேறை ஹொல்ம்லியா. கடையிலை மேசைக்கு மேலை ஒண்டும் தெரியாது, கீழை எல்லாம் தெரியும். ரயிலுக்கு நிக்கிற பெரியவையளுக்கு முகமில்லை, பையும் சப்பாத்தும்தான். நாய் எல்லாம் சமவயசுக் கூட்டாளி. இத்தினை வருசம் இந்த இடத்திலை இருந்திட்டு நான் பாத்தது மேல்மாடியை மட்டும்தான்.

இனி என்ரை யோக்கியதையைச் சொல்லுறன், கேளுங்கோ. ஊரிலை வெங்காயமும் புகையிலையும் போட்ட கை இது. எண்பதுகளிலை இஞ்சை வந்து, எங்கடை கனபேர் மாதிரி வடக்கிலை மீன் தொழிற்சாலையிலை நிண்டு மீன் வெட்டினன். முதல் சம்பளத்திலை வாங்கினது ஒரு கமெரா. ஒரு பிலிம்றோலிலை 36 படம். அதிலை முப்பது, ஆற்றையோ காரிலை சாஞ்சுகொண்டு நான். கோட்டும் இரவல். படங்களைக் கழுவி ஊருக்கு அனுப்பினன். அம்மாவிட்டை இருந்து பதில் வந்தது: கார் நல்ல வடிவு மோனை, நீ ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்?

நான் படம் காட்டினன். அம்மா படத்தைப் பாத்தா. பேரப்பிள்ளையோடை கமெரா தூக்கப் போறவைக்கு நான் சொல்லுற புத்தி இவ்வளவுதான்: காட்டுறதுக்கு எடுக்காதேங்கோ, பாக்கிறதுக்கு எடுங்கோ. மிச்சமெல்லாம் இதுக்குப் போடுற தாளிதம்.

பிள்ளையளுக்கு என்ன தெரியும் எண்டு மட்டும் கேக்காதேங்கோ. 1900 ஆம் ஆண்டிலை கொடாக் கம்பனி பிரௌனி எண்டொரு பெட்டிக் கமெராவை ஒரு டொலருக்கு வித்தது. பிள்ளையளும் எடுக்கட்டும் எண்டுதான் அதைச் செய்தவை. பிள்ளையளுக்கு எண்டு வந்த சாமானைப் பெரியவை நாங்கள்தான் பறிச்சுக் கழுத்திலை மாட்டிக்கொண்டு திரியிறம். பிறகு 1943 இலை எட்வின் லாண்ட் எண்ட அமெரிக்கக்காரர் தன்ரை மூண்டு வயசு மகளைப் படம் எடுத்தார். ஏன் அப்பா, அதை இப்பவே பாக்கேலாதோ எண்டு அவள் கேட்டிட்டாள். அந்தக் கேள்வியிலை இருந்து வந்ததுதான் எடுத்த உடனை படம் தாற பொலரொய்ட் கமெரா. 1948 இலை கடைக்கு வந்திட்டுது. எங்கடை வீட்டிலை அப்பிடிக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? "வாயைப் பொத்திக்கொண்டு நில்" எண்டிருப்பம். கம்பனி அங்கையே பூட்டு.

அதுக்காக நீங்கள் ஒண்டும் சொல்லிக்குடுக்கக் கூடாது எண்டில்லை. ஒரு மூண்டு விசயம் சொல்லிக்குடுக்கலாம். அதுவும் குளிர் காலத்திலை.

முதலாவது, பற்றறி. குளிர் பட்டால் அதின்ரை சீவன் போயிடும். மேலதிகப் பற்றறியைக் கோட்டுக்குள்ளை நெஞ்சோடை வைக்கச் சொல்லுங்கோ, கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரி. திரும்ப வீட்டுக்குள்ளை வரேக்கை கமெராவை ஒரு சொப்பிங் பையிலை போட்டுக் கட்டிக்கொண்டு வந்து, சூடாகுமட்டும் பொறுத்து அவிழுங்கோ. பொறுக்காட்டில் கண்ணாடி எல்லாம் வேர்த்துக் கொட்டும்.

ரெண்டாவது, பனி. கமெராவுக்குள்ளை ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். உலகம் எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் எண்டதுதான் அவற்றை கணக்கு. வெள்ளைப் பனியைக் கண்டால், இதென்ன அநியாயம் எண்டு வெளிச்சத்தைக் குறைச்சுப் போடுவார். பனி சாம்பலாகும், பனிக்கு முன்னாலை நிக்கிற எங்கடை முகம் கரிச்சட்டியாகும். பிளஸ் பக்கம் ஒண்டோ ஒண்டரையோ கூட்டிவிட்டால் எல்லாம் தெளியும். முந்தி பிலிமிலை இது இன்னும் மோசம். கலர்ப் படம் கழுவுற இடங்களிலை நிறம் சரிபாக்க ஷெர்லி கார்ட் எண்டு ஒண்டு வைச்சிருந்தவை. அதிலை இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. அவளின்ரை தோல் சரியா வந்தால் உலகமே சரி. நான் வடக்கிலை வேலையாக்களோடை நிண்டு எடுத்த படங்களிலை என்னைக் கண்டுபிடிக்கிறதெண்டால் பல்லைத்தான் தேடவேணும். பேத்தியிட்டை இதைச் சொன்னன். "அப்ப கமெராவும் நோர்வேக்காரனோ?" எண்டு கேட்டாள். விளங்கீட்டுது.

மூண்டாவதுதான் எனக்குப் பிடிச்சது. நிழல். டிசம்பர் 21 நடுப்பகலிலையும் ஒஸ்லோவிலை சூரியன் அடிவானத்திலை இருந்து 7 பாகைகூட ஏறாது. சோம்பேறிச் சூரியன். ஆனால் சமதரையிலை நிண்டால் நிழல் ஆளின்ரை உயரத்தைப்போலை எட்டு மடங்கு விழும். நாலடிப் பிள்ளைக்கு முப்பத்திரண்டடி நிழல். ஊரிலை சித்திரை வெயிலுக்குள்ளை நிழல் காலுக்குள்ளை நாய்க்குட்டி மாதிரிச் சுருண்டு கிடக்கும். இஞ்சை பனியிலை பனைமரமாய் நீட்டி நிமிந்து படுத்திருக்கு. "பனைமரம் எண்டால் என்ன அம்மப்பா?" அரை மணித்தியாலம் பனையிலேயே போச்சு. நுங்கு, ஓலை, கங்குமட்டை, ஒடியல் எல்லாம் சொன்னன். தூண்டிலைப் போட்டவன் நான் எண்டு பிள்ளைக்குத் தெரியாது. சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிக்கு வெளிக்கிட ஆயிரம் சாட்டுச் சொல்லுறவள், கமெராவைக் கையிலை குடுத்தால் "அம்மப்பா, எட்டப் போங்கோ, கிட்ட வாங்கோ, ஆடாதேங்கோ!" எண்டு என்னைத் தமிழிலை அதட்டுறாள். நானும் ஸ்ரூடியோக்காரனுக்கு முன்னாலை நிண்ட மாதிரி மூச்சுக் காட்டாமல் நிக்கிறன்.

ஒரு நாள் மலைக்குள்ளை குடைஞ்சு கட்டின எங்கடை விளையாட்டு மண்டபத்தின்ரை வாசலைப் படம் எடுத்தாள். உள்ளுக்கை நீச்சல் குளம். போர் வந்தால் 7,000 பேர் ஒளிஞ்சு இருக்கலாம். 1983 இலை கட்டி முடிச்சது. 83 எண்ட உடனை எனக்கு ஊரிலை அந்த வருசம் நடந்த கலவரம் ஞாபகம் வந்திட்டுது. அதை முழுக்கச் சொல்ல அவளுக்கு வயசு காணாது. பங்கரை மட்டும் சொன்னன். ஊரிலை சனம் தென்னங்குத்தியும் மண்மூட்டையும் அடுக்கிப் பங்கர் வெட்டினது, மழைக்கு அதுக்குள்ளை தண்ணி நிண்டது எண்டு. "அங்கையும் நீந்தினவையோ?" எண்டாள். தவளை நீந்தினது எண்டன். ஒரு வாசல் படம் இல்லாட்டில் இந்தக் கதை எங்கடை வீட்டிலை எப்ப வந்திருக்கும்?

இனி, கனபேருக்குக் கசக்கிற விசயம். அவளின்ரை முன்பல்லு விழுந்த நேரம் ஒரு படம் எடுத்து, ஊர்க்காரர் குழுவிலை போட்டிட்டன். கனடாவிலை இருந்தெல்லாம் பூ அனுப்பிச்சினம். பிள்ளை இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு வந்து நிண்டாள். "என்னட்டைக் கேட்டனீங்களோ?" குழந்தைப்பிள்ளையிட்டை என்ன கேக்கிறது எண்டு நானும் சண்டைக்கு நிண்டன். நியாயம் அவளின்ரை பக்கம். ஒருத்தற்றை படத்தை அவற்றை சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது எண்டு இந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 2018 இலை வந்தது, 104 ஆம் பிரிவிலை சொல்லுது. செய்தி மாதிரிச் சில விலக்கு இருக்கு. பேத்தியின்ரை ஓட்டைப் பல்லு அந்த விலக்குக்குள்ளை வராது.

இந்தச் சட்டம் இல்லாத காலத்திலை இஞ்சை ஒரு கள்ளப் படக்காரர் இருந்தவர். கார்ல் ஸ்தேர்மர் எண்டு பேர். 1890களிலை பல்கலைக்கழகப் பொடியன். வட்டமான ஒரு கமெராவை வெயிஸ்கோட்டுக்குள்ளை ஒளிச்சு, கண்ணாடியைப் பொத்தான் ஓட்டைக்குள்ளாலை நீட்டி, கால்சட்டைப் பைக்குள்ளை நூலைப் பிடிச்சுக்கொண்டு கார்ல் யூஹான் வீதியிலை உலாத்துவாராம். எதிரிலை வாறவருக்கு வணக்கம் சொல்லுவார், நூலை இழுப்பார். 500 படமளவிலை எடுத்தார். நாடகக்காரர் இப்சன்கூடத் தப்பேல்லை. பிறகு பெரிய கணிதப் பேராசிரியராகி, வடதுருவ ஒளியை ஆயிரக்கணக்கிலை படம் எடுத்தார். வானத்திட்டைச் சம்மதம் கேக்கத் தேவையில்லை எண்டு கண்டிட்டார்போலை. எங்கடை கொண்டாட்டங்களிலையும் குட்டி ஸ்தேர்மர்மார் இருக்கினம். நாங்கள் கோழிக்காலைக் கடிக்கிற நேரம் பாத்து வருவினம். அவைக்கு நூலும் தேவையில்லை.

எங்கடை வயசுக்காரருக்கு இன்னொரு வருத்தம். படத்துக்கு நிக்கச் சொன்னால் சிரிக்க மாட்டம். ஷேர்ட்டின்ரை மேல் பொத்தானைப் பூட்டி, நாடியை நிமித்தி, வாயை இறுக்கி நிப்பம். ஏனெண்டு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்லுறதில்லை. மரண அறிவித்தலுக்கு உதவும் எண்ட முன்யோசனை. அந்தியேட்டிக் கல்வெட்டுக்கும் அதே படம். ரெண்டு செலவு மிச்சம்.

அப்பிடி முன்யோசனை இல்லாமல் போனவர் என்ரை அப்பு. அவற்றை படம் எங்களிட்டை இருக்கிறது ஒண்டே ஒண்டு. அடையாள அட்டைக்கு எடுத்தது, தபால் முத்திரையளவு. 1995 ஒக்ரோபர் 30 இலை போராலை வலிகாமத்துச் சனம் ஒரே இரவிலை வெளிக்கிட்டபோது, அக்கா ஒரு ஆட்டையும் அரிசிப் பையையும் கொண்டு நடந்தவ. அல்பம் அலுமாரியிலை. திரும்பிப் போகேக்கை அலுமாரியும் இல்லை. அப்பு சிரிச்சால் எப்பிடி இருக்கும் எண்டு பேத்தி கேட்டாள். நான் சொல்லிப் பாத்தன். சொல்லி முடிக்கேலாது.

அதாலை, என்னை விட இளசான பென்சன்காரரே, போனுக்குள்ளை கிடக்கிற பத்தாயிரத்தையும் நம்பாதேங்கோ. போன் விழுந்து உடைஞ்சால் அதுவும் அக்காவின்ரை அலுமாரிதான். வருசத்துக்குப் பத்துப் படத்தைக் கடுதாசியிலை எடுங்கோ. எந்தப் பத்து எண்டு பிள்ளை தெரியட்டும், நீங்கள் வாயைப் பொத்துங்கோ. பின்பக்கத்திலை ஆர், எங்கை, எப்ப எண்டு மென்மையான பென்சிலாலை பிள்ளையைக்கொண்டு தமிழிலை எழுதுவியுங்கோ. எழுத்துப் பிழை வந்தால் திருத்தாதேங்கோ. அந்தப் பிழைதான் பிறகு படத்தை விட விலை போகும்.

நான் போன மாதம் பத்தும் எடுத்து முடிச்சிட்டன். என்ரை மரண அறிவித்தலுக்கும் அதிலையே ஒண்டைத் தெரிஞ்சு வைச்சாச்சு. பேத்தி வேர்வென்புக்தாவிலை எடுத்த வண்டிப் படம். சட்டம் கேக்கிற சம்மதத்தை இப்பவே எழுத்திலை தாறன். தலை இல்லாட்டிலும், ஆரெண்டு ஊருக்கு விளங்கும்.