எல்லாருக்கும் கம்ப்யூட்டர் தெரியும்

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும்வரை எங்கள் தெருவில் ஒருவருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. "அதெல்லாம் எனக்கு என்னப்பா தெரியும்" என்று அடக்கமாக ஒதுங்கிவிடுவார்கள். அது நின்றுபோன மறுநிமிடம் வீட்டுக்கு வீடு நிபுணர்கள் முளைத்துவிடுகிறார்கள். அப்பாவின் மடிக்கணினியை டெபியன் லினக்ஸ் 12இலிருந்து 13க்கு ஏற்றப்போய் அது நடுவழியில் படுத்துக்கொண்ட வாரத்தில், இவ்வளவு நிபுணர்களுக்கு நடுவில்தான் இத்தனை வருடம் குடியிருந்தோமா என்று மலைத்துப்போனேன்.

முதலில் அந்த மடிக்கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சித்தி மகளுக்குக் கிடைத்தது. அவள் பிளஸ் டூ முடித்து, இன்ஜினியரிங் முடித்து, கல்யாணமும் முடிந்து பெங்களூருக்குப் போனபோது இதைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். அப்படி அப்பாவின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பேட்டரி செத்து மாமாங்கம் ஆகிறது. சுவர் பிளக்கில் செருகியிருக்கும்வரைதான் உயிர் என்பதால், இதுவரை யார் மடியிலும் உட்கார்ந்ததில்லை.

வந்தபோது அதில் இருந்த இயக்க முறைமைகளில் ஒன்று பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கியது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே 2017இல் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டியபோது, நேரே டெபியன் 9ஐயே நிறுவினோம். டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்தே ஆகவேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அவர் தெரு நலச் சங்கத்தின் பொருளாளர். குப்பை வண்டிக்காரருக்குப் பொங்கலுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது எதிரிகள் கையில் சிக்கிவிடக் கூடாதாம்.

அதற்குப் பிறகு 10, 11, 12 என்று படிப்படியாக ஏறி வந்தது. டெபியனில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. வரிசையாகத்தான் ஏற வேண்டும். 2025 ஆகஸ்ட் 9 அன்று 13 வெளியானது. உடனே ஏறியாக வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. 12க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். "மாமா, புதுசு வந்திருக்கு" என்றான். இந்த மூன்று சொற்களால் எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்கின்றன!

டெபியன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்களின் பெயர்களைத்தான் வைப்பார்கள். தொண்ணூறுகளில் டெபியனுக்குத் தலைமை தாங்கிய புரூஸ் பெரன்ஸ் அப்போது பிக்ஸாரில் வேலை பார்த்தார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. 12 என்பது புக்வார்ம், அதாவது புத்தகப் புழு. 13 என்பது டிரிக்ஸி, நீல நிற டைனோசர் பொம்மை. எப்போதும் சோதனையிலேயே இருக்கும் நிலையற்ற பதிப்புக்கு மட்டும் நிரந்தரமாக ஒரே பெயர்: சிட். படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடும் பக்கத்து வீட்டுப் பையன். இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைப்பவர்களை நம்பலாம் என்றுதான் நானும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. கணக்குக் கோப்புகள் பென் டிரைவுக்குப் போயின. மென்பொருளை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும் மூலப் பட்டியலில், புக்வார்ம் என்று இருந்த இடத்திலெல்லாம் அக்கா மகன் டிரிக்ஸி என்று மாற்றினான். மென்பொருள் பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளையைத் தட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து அருவியாகக் கொட்டியது. அம்மா கரண்டியோடு வந்து நின்று, "பேங்க்ல திருடுறவன் சினிமால இப்படித்தான் பண்ணுவான்" என்றாள்.

நடுநடுவே அருவி நின்று கேள்வி கேட்டது. ஏதோ ஓர் அமைப்புக் கோப்பு மாறியிருக்கிறது, என்ன செய்யட்டும்? ஒய், ஐ, என், ஓ, டி, இஸட் என்று ஆறு எழுத்துகள். ஆழம் பார்த்தால் நான்கே முடிவுகள்தான்: புதியதை எடு, பழையதை வை, வித்தியாசத்தைக் காட்டு, கட்டளைத் திரையைத் திறந்து நீயே பார்த்துக்கொள். ஆனால் ஆறு எழுத்துகளைக் கண்டதும் ஆள் நடுங்கிவிடுகிறான். பையன் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டினான். அது பழையதை வைத்துக்கொள்ளும் பதில் என்பதால் பாதகமில்லை.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு அருவி ஒரேயடியாக நின்றது. கடைசி வரி இதுதான்: துணைச் செயல்பாடான டிபிகேஜி, பிழை எண் ஒன்றைத் திருப்பித் தந்தது. அவ்வளவுதான். ஏன், எதற்கு, யாரால் என்ற விவரம் கிடையாது. பையன் அந்த வரியை அப்படியே கைப்பேசியில் தேடினான். உலகத்தில் பாதிப் பேருக்கு அதே வரி வந்திருந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். நான் அடுப்படியிலிருந்து திரும்புவதற்குள் அவன் மறுதொடக்கம் செய்துவிட்டான்.

திரை விழித்தது. "கெர்னல் பானிக்" என்றது. மூல டிஸ்கை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு உறைந்துபோனது. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னியது. லினக்ஸின் மையமான கெர்னல் பீதியடைந்தால் அப்படித்தான் விசைப்பலகை விளக்கை மின்ன வைக்கும். திரை தெரியாத நிலையிலும் ஆபத்து என்று சொல்வதற்காக. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "லைட்டு எரியுதே, அப்போ ஒண்ணும் ஆகலை" என்று நிம்மதியாக இலை போடப் போய்விட்டாள்.

இதற்குப் பிறகுதான் நிபுணர்கள் வரத் தொடங்கினார்கள்.

மாடி வீட்டு மேனேஜர் சார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்திரம் எதுவானாலும் அவரிடம் ஒரே மருந்துதான். "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." அதனால்தான் சார் இந்தக் கதிக்கு வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. எதிர் வீட்டம்மாள் வைரஸ் என்றார். லினக்ஸ் என்று சொன்னதும், "அந்த வைரஸ்தான்" என்றார். இஸ்திரிக்காரர் மெதுவாக, "சூடு ஏறியிருக்கும் சார், கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழ வைங்க" என்றார். வந்த யோசனைகளிலேயே தீங்கில்லாதது அதுதான், வைத்துப் பார்த்தோம்.

கடைத்தெருவில் ஒரு சர்வீஸ் கடை. அங்கே இருந்த பையன் மூடியைத் திறந்தான், மேலே பொறித்திருந்த அரசு முத்திரையைத் தடவினான், மூடினான். "ஃபார்மட் போட்டுடலாம் சார்." என்ன கோளாறு என்று கேட்டேன். "ஃபார்மட் போட்டா தெரிஞ்சிடும்." சரி, ஃபார்மட் போட்டும் சரியாகவில்லை என்றால்? "அப்போ மதர்போர்டு." இந்த இரண்டு வாக்கியங்களில் கணினி மருத்துவம் முழுவதையும் அடக்கிவிட்டவனை வணங்கிவிட்டு, மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினேன்.

உண்மையில் அதைத் திரும்ப எழுப்புவது அவ்வளவு கடினமாக இல்லை. டெபியன் புதிய கெர்னலை நிறுவும்போது பழையதைத் தூக்கி எறிவதில்லை. மின்சாரம் போட்டதும் வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு' என்ற வரிக்குள் பழைய கெர்னல் அமைதியாகக் காத்திருக்கிறது. 6.12க்குப் பதில் பழைய 6.1ஐத் தேர்ந்தெடுத்தோம். கடவுச்சொல் கேட்டது. வீடே கைதட்டியது. பாதி டிரிக்ஸி, பாதி புக்வார்ம் என்று எழுத்துரு எல்லாம் கோணலாக, ஆனால் ஓடியது.

ஆனால் ஏன் நின்றது? அக்கா மகன் இன்னமும் அந்தக் கடைசி வரியையே தேடிக்கொண்டிருந்தான். அப்போது அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் நாளிதழை முதல் பக்கத் தேதியில் ஆரம்பித்து, கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சிட்டவர் பெயர்வரை படிப்பவர். "இதுல நடந்ததையெல்லாம் அது எங்கயாவது எழுதி வைக்குமா?" என்றார். வைக்கும். ஆப்ட் ஓடும்போது திரையில் ஓடியதெல்லாம் அதன் டெர்ம் லாக் கோப்பில் அப்படியே இருக்கும். திறந்து கொடுத்தோம். மோர் குடித்தபடி வரி வரியாகப் படித்தார். நாங்கள் தூங்கிவிட்டோம்.

சாயங்காலம் எழுப்பினார். "'நோ ஸ்பேஸ் லெஃப்ட்'னு ஒரு இடத்துல போட்டிருக்கே, அது என்ன?"

"இடமில்லைன்னு அர்த்தம் தாத்தா. ஆனா டிஸ்க்ல 180 ஜிபி காலியா இருக்கு" என்றான் பையன்.

"எந்த இடத்துல இடமில்லைன்னு சொல்லுது?"

பூட் என்ற பார்ட்டிஷனில். டிஸ்கைக் குறியாக்கம் செய்தால், கணினி எழும்புவதற்குத் தேவையான கோப்புகள் மட்டும் பூட்டப்படாத ஒரு சின்னத் தனிப் பகுதியில் இருக்க வேண்டும். அந்தக் காலத்து டெபியன் நிறுவி அதற்குச் சுமார் 250 மெகாபைட் ஒதுக்கும். அன்றைக்கு அது தாராளம். ஆண்டுக்கு ஆண்டு கெர்னலும் அதோடு வரும் சாதன நிரல்களும் பருத்துக்கொண்டே வந்தன. பழைய கெர்னல்கள் மூன்று அதில் ஏற்கெனவே குடியிருந்தன. புதிய கெர்னல் எப்படியோ நுழைந்துவிட்டது. டிஸ்கைக் கண்டுபிடித்துத் திறக்க அதற்கு உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் பாதி எழுதும்போது இடம் தீர்ந்துவிட்டது. டிஸ்கைத் திறக்க வழியில்லாமல் எழுந்த கெர்னல் பீதியடைந்தது. குப்பை வண்டிக் கணக்கைக் காப்பாற்றப் போட்ட பூட்டு, எட்டு வருடம் கழித்து வேலையைக் காட்டியிருந்தது.

கல்யாண வீட்டில் பெரியப்பா, பாயசத்தில் ஏலக்காய் இல்லை என்று சொல்லிவிட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போவார். எல்லோரும் சமையல்காரரைப் பிடித்து உலுக்குவார்கள். விஷயம் பாயசத்தில் இல்லை. பத்திரிகையில் அவர் பெயரைச் சித்தப்பா பெயருக்குக் கீழே போட்டதில் இருக்கிறது. பிழைச் செய்தியின் கடைசி வரியும் அந்த ஏலக்காய்தான். காரணம் எப்போதும் நாற்பது வரிக்கு மேலே, சத்தம் போடாமல், முக்கால்வாசிப் பேர் படிக்காத இடத்தில் எழுதியிருக்கும். இயந்திரம் எதையும் மறைப்பதில்லை. நாம்தான் அது மயக்கம் போட்ட இடத்திலிருந்து விசாரணையைத் தொடங்குகிறோம்.

காரணம் தெரிந்த பிறகு வைத்தியம் காபி ஆறுவதற்குள் முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்று பார்த்து, அதைத் தொடாமல், மற்ற பழையவற்றை நீக்கினோம். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் 'மோஸ்ட்' என்று இருந்ததை 'டெப்' என்று மாற்றினோம். முன்னது இருந்தால், உலகத்தில் உள்ள பெரும்பாலான கணினிகளுக்குத் தேவைப்படக்கூடிய டிரைவர்களை எல்லாம் கட்டிச் சுமக்கும். பின்னது இருந்தால், இந்த ஒரு கணினிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அப்பா மேசையை விட்டு நகராத பெட்டிக்கு அது போதும். பிறகு பாதியில் நின்ற பொதிகளை அமைக்கச் சொல்லி டிபிகேஜிக்கு ஒரு கட்டளை, உடைந்ததை ஒட்டச் சொல்லி ஆப்டுக்கு ஒரு கட்டளை, விட்ட இடத்திலிருந்து முழு மேம்படுத்தல். இந்த முறை கடைசி வரி எந்தப் புகாரும் இல்லாமல் முடிந்தது.

டிரிக்ஸி வந்துவிட்டாள். அப்பா சங்கக் கணக்கைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் முன்ன மாதிரியேதானே இருக்கு?" என்றார். ஆமாம் என்றோம். அதைவிடப் பெரிய பாராட்டு ஓர் இயக்க முறைமைக்குக் கிடைக்காது.

மாலை மேனேஜர் சார் விசாரிக்க வந்தார். "சரியாயிடுச்சா? கடைசியா என்னதான் பண்ணீங்க?"

பையன் உண்மை விளம்பி. "கடைசியா ரீஸ்டார்ட் பண்ணோம் அங்கிள்."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் அவர். தெருவில் இன்றைக்கும் அந்த மடிக்கணினியைச் சரிசெய்தவர் அவர்தான்.

அப்பா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரிக்ஸியின் வெளியீட்டுக் குறிப்பை அச்செடுக்கச் சொல்லி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பூட் பகுதி குறைந்தது 768 மெகாபைட் இருக்க வேண்டும், 300 மெகாபைட் காலியாக இருக்க வேண்டும், டெபியன் 10 அல்லது அதற்கு முந்தையதை நிறுவியவர்கள் கவனிக்கவும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அடிக்கோடு போட்டுப் பேரனிடம் நீட்டினார். "இவ்வளவு நல்ல பிள்ளைங்களா இருக்காங்களே, எழுதித்தானே வச்சிருக்காங்க!"

பையன் பேச்சை மாற்றப் பார்த்தான். "தாத்தா, அடுத்த வெர்ஷனுக்கும் பேரு வச்சாச்சு. ஃபோர்க்கி. படத்துல அந்தப் பொம்மை தன்னைக் குப்பைன்னு நினைச்சுக்கிட்டு, ஓடி ஓடிக் குப்பைத் தொட்டியில விழும்."

அப்பா பேனாவை மூடவில்லை. "அது வர்றப்ப வரட்டும். குறிப்பு வந்த அன்னிக்கே எனக்கு அச்செடுத்துக் கொடு. நான் படிச்சு முடிக்கிறவரைக்கும் யாரும் கீபோர்டுல கை வைக்கக் கூடாது."