ஆந்தை எத்தனை, சொல்லு பார்ப்போம்

போன வாரம் சென்னைப் புறநகரில் ஒரு மழலையர் பள்ளியில் ‘கதை நேரம்’. தாத்தா என்ற ஒரே தகுதியில் இந்தக் கட்டுரைக்காரரும் அழைக்கப்பட்டு, முழங்கால் முகவாயில் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். வாசித்தது ‘அவுல் பேபீஸ்’. மார்ட்டின் வாடெல் எழுதி, பேட்ரிக் பென்சன் படம் போட்டு 1992இல் வந்த புத்தகம். ராத்திரி கண் விழித்தால் அம்மாவைக் காணோம். மூன்று ஆந்தைக் குஞ்சுகள் மரக்கிளையில் காத்திருக்கின்றன. இருப்பதிலேயே சின்னக் குஞ்சுக்கு, அம்மா வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. கடைசியில் அம்மா வந்துவிடுகிறாள். எல்.கே.ஜி.யில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குத் தெரிய வேண்டிய சங்கதி உலகத்திலேயே அது ஒன்றுதான்.

மிஸ் நன்றாகத்தான் படித்தார். முன்வரிசைப் பையன் ஒருவன் கட்டைவிரலை வாயில் போட்டபடி கிளைக்குள்ளேயே போய்விட்டான். மூன்று குஞ்சுகளும் ஒரே கிளையில் ஒண்டிக்கொண்ட பக்கம் வந்தபோது, சிறப்பு விருந்தினராக வந்திருந்த வேறொருவர் கையை உயர்த்தினார்.

“குட்டீஸ், மொத்தம் எத்தனை ஆந்தை? ஆந்தை பறவையா, விலங்கா? ராத்திரி முழிச்சிருக்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு? நாக்டர்னல்! எங்கே, எல்லாரும் சொல்லுங்க, நாக்-டர்-னல்!”

மணி அடித்துவிட்டது. கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், மிக்சர் கொடுத்தார்கள். அம்மா ஆந்தை வரவே இல்லை. கட்டைவிரல் பையன் டிபன் டப்பாவைத் திறக்காமல் விசும்பிக்கொண்டிருந்தான். காலையிலிருந்தே அவனுக்கு மூட் சரியில்லை என்று ஆயாம்மா விளக்கம் சொன்னார்.

இந்தப் பத்திரிகை கேட்டிருப்பது, பிள்ளைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்ட ஐந்து யோசனைகள். ஐந்தும் வரும். அதற்கு முன்னால் இந்தக் கேள்வி வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை.

ஒரு குழந்தையும் ஒரு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், பெரியவர்களுக்கு ஆள்காட்டி விரல் தானாக நீண்டுவிடும். “இது என்ன?” யானை என்று தெரியாமல் கேட்கவில்லை, மனிதர் வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். குழந்தை “யானை” என்கிறது. அத்தோடு விடுவாரா? என்ன கலர்? எத்தனை கால்? பெரிசா, சின்னதா? எலிபெண்டுக்கு முதல் எழுத்து என்ன? கதையில் அந்த யானை குளத்தில் குளிக்கக் கிளம்பியிருந்தது. இப்போது சோதனைச்சாவடியில் மடக்கப்பட்ட மணல் லாரியைப் போல மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது. அத்தை வருகிறார்: “யானை எப்பிடிக் கத்தும்?” யானை கத்தாது, பிளிறும் என்று பெரியப்பா திருத்துகிறார். பிளிறிக் காட்டச் சொல்லி அப்பா செல்போனை எடுக்கிறார். வெளிச்சம் போதவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு தரம் பிளிற வேண்டும். பாலைக் குடித்தால்தான் யானை பலம் வரும் என்று பாட்டி டம்ளரோடு நுழைகிறார். பூஜை அறையிலிருந்து கொள்ளுப்பாட்டி, “உம்மாச்சி, கும்பிட்டுக்கோ” என்கிறார். குழந்தை ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டு மறுகையால் பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறது. விடமாட்டார்கள்; முக்கியமான கேள்வி பாக்கி இருக்கிறது. “சரி, இந்தக் கதையிலேருந்து நீ என்ன தெரிஞ்சுக்கிட்டே?”

யானை குளிக்கப் போனது. இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இருக்கிறதாம். தினமும் குளிக்க வேண்டும்.

இதே பெரியவர்கள் ‘பாட்ஷா’ பார்க்கும்போது நடுவில் யாராவது எழுந்து, மாணிக்கம் ஓட்டும் ஆட்டோவுக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டுப் பார்க்கட்டும். கட்டுரைக்காரரின் விரலும் நீளும் விரல்தான். பேத்தி புத்தகத்தை எடுத்தால் அவர் விரலைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொள்கிறார். பை கொஞ்சம் பிய்ந்திருக்கிறது.

இந்த உறவுக்காரர்களைச் சரியாகக் கண்டுகொண்டவர் மாரிஸ் செண்டாக். அவருடைய ‘வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்’ 1963இல் வந்தது. முதலில் குதிரைகளை வைத்துத்தான் கதை பண்ண நினைத்தார். குதிரை வரைய வரவில்லை. ஆகவே, சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கள் புரூக்ளின் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளி, கடித்துத் தின்றுவிடுவதாகக் கொஞ்சிய சித்தப்பா, சித்திகளைப் பல்லும் நகமுமாக வரைந்துவிட்டார். பெரியவர்கள் பதறினார்கள். பிள்ளைகளுக்குப் பயமே இல்லை. கதை முடியும்போது பையனின் சாப்பாடு அறையிலேயே, ஆறாமல், காத்திருக்கிறது. எத்தனை இட்லி என்று யாரும் கேட்பதில்லை.

எரிக் கார்லின் கம்பளிப்புழு பாவம். 1969இல் அது ஓர் ஆப்பிளில் ஆரம்பித்து, சனிக்கிழமை கண்டதையெல்லாம் தின்று, வயிற்றுவலி வந்து, ஞாயிறன்று ஒரு பச்சை இலையோடு தேறியது. வயிறு சரியாகிவிடும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! நம்மூர் வகுப்பறைகளில் அதை வைத்து எண், கிழமை, பழங்களின் பெயர், பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி எல்லாம் நடத்தி முடித்துவிடுகிறார்கள். எஞ்சியிருப்பது வருமான வரி ஒன்றுதான்.

உடனே சிலர் ஆராய்ச்சியோடு வருவார்கள். நியாயம்தான். அமெரிக்காவில் கிரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகம் வாசிக்கும்போது பேச்சுக் கொடுத்த பெற்றோரின் பிள்ளைகள் ஒரே மாதத்தில் மொழியில் முந்தினார்கள். ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்தது, ஆம்-இல்லை கேள்விகளைக் குறைத்து, பிள்ளையே வாய் திறக்கும்படி கேட்க. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி. நாக்டர்னல் அதில் இல்லை.

பெரியவர்களுக்கு விஷயம் புரிய எத்தனை காலம் ஆகும் என்பதற்கு ‘குட்நைட் மூன்’ இருக்கிறது. மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி 1947இல் வந்தது. ஒரு முயல்குட்டி அறையிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ராத்திரி வணக்கம் சொல்கிறது, தூங்குகிறது. நீதி கிடையாது. அறையில் ஒரு சுண்டெலி பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடிகார முள் ஏழிலிருந்து எட்டு பத்துக்கு நகரும். வாசிக்கிற அப்பாவின் கண்ணுக்கு முன்னால் மடியிலிருக்கிற பிள்ளைதான் எலியைப் பிடிக்கும். நியூயார்க் பொது நூலகம் இந்தப் புத்தகத்தை 1972 வரை வாங்கவில்லை.

இங்கேயும் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் தூலிகா 1996லிருந்து போட்டுக்கொண்டிருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் 2015 முதல் தமிழிலும் இலவசமாகவே கிடைக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று வந்திருக்கின்றன. அந்தத் தலைப்புகளை வைத்தவருக்கு ஒரு சல்யூட்.

ஆகவே முதல் யோசனை: புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கிழிக்கத்தான் கிழிக்கும். கார்ல் தன் புத்தகத்தில் அவரே ஓட்டை போட்டுக் கொடுத்தார். ‘கதை நேரம்’ முடிந்ததும் கட்டுரைக்காரர் மிஸ்ஸிடம் போய், அந்தப் பையனுக்குக் கடைசிப் பக்கத்தை மட்டுமாவது காட்டச் சொன்னார். மிஸ் சங்கடத்தோடு கண்ணாடிக் கதவு பீரோவைக் காட்டினார். ஆந்தைகள் உள்ளே தெரிந்தன. சாவி பிரின்சிபாலிடம் இருந்தது. பிரின்சிபால் சிறப்பு விருந்தினரை வழியனுப்பக் கார் வரை போயிருந்தார். மற்ற நான்கு யோசனைகளுக்கு இந்த இதழில் இடமில்லை.