பேசிக் அண்ணாச்சி

"இன்னைக்கு 3 திர்ஹம் 28 பில்ஸ் ஏறிருச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் அண்ணாச்சி ராத்திரி தட்டைப் போட்டு உட்காருவார். மீன் விலை இல்லை. வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி கொடுக்கிற கிராஜுவிட்டி, அன்றைக்கு ஒரு நாள் வேலை பார்த்ததில் எவ்வளவு வளர்ந்தது என்ற கணக்கு. பிள்ளை வளர்கிற மாதிரி அது தினமும் வளர்கிறது. ஒரே வித்தியாசம், பிள்ளையை வருடத்துக்கு ஒருமுறையாவது லீவில் போய்ப் பார்க்கலாம்.

எமிரேட்ஸில் ஆறு கட்டில் போட்ட எந்த அறைக்குள் நுழைந்தாலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்கள் ஷார்ஜா அறையில் அவர் மேல்கட்டில், நான் கீழ்க்கட்டில். அதனால் சூத்திரம் எனக்கு மனப்பாடம். பேசிக்கை, அதாவது அலவன்ஸ் சேராத அடிப்படை மாதச் சம்பளத்தை, 30-ஆல் வகு, 21-ஆல் பெருக்கு. முதல் 5 வருடத்துக்கு, வருடம் ஒன்றுக்கு அவ்வளவு. ஆறாவது வருடத்திலிருந்து வருடத்துக்கு முழுசாக 30 நாள் பேசிக். அண்ணாச்சியின் பேசிக் 1,200. ஒரு நாளுக்கு 40, வருடத்துக்கு 840, ஐந்து வருடத்துக்கு 4,200. அதற்குப் பிறகு வருடத்துக்கு 1,200. 14 வருடம் முடிந்தால் 15,000 திர்ஹம். இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்கிறேனாம். எதிர்க்கட்டில் பையன் சத்தியம் செய்கிறான்.

கணக்கு எழுத அவரிடம் நோட்டு கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரில் கிழித்த தாள்தான். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், பின்பக்கம் கிராஜுவிட்டி. கால்குலேட்டரில் 7 விழாது. அந்த இடத்தில் 8 போட்டுவிட்டு அப்புறம் எதையோ கழிப்பார். விடை எப்படியோ சரியாக வந்து நிற்கும். கடையில் கரக் டீ ஒன்றரை திர்ஹம் என்றால் "அரை நாள் சர்வீஸ் போச்சேலே" என்பார். அவருக்குத் திர்ஹம் என்பது பணம் இல்லை, நாள். நான் புதுச் சட்டை வாங்கி வந்தபோது தடவிப் பார்த்துவிட்டு, "பதினோரு நாளா?" என்றார். அதற்கப்புறம் அந்தச் சட்டையைப் போட மனம் வரவில்லை.

சம்பளம் இல்லாமல் வேலைக்கு வராத நாள் சர்வீஸில் சேராது என்று சட்டம் சொல்கிறது. அண்ணாச்சிக்கு உலகத்தில் பயம் இந்த ஒன்றுக்குத்தான். 2024 ஏப்ரல் 16 மழை ஞாபகம் இருக்கும். எமிரேட்ஸில் 75 வருடத்தில் காணாத மழை. ஷார்ஜாவில் நாள்கணக்காகத் தண்ணீர் வடியவில்லை. நாங்கள் மெத்தையை எங்கே தூக்கிவைப்பது என்று அல்லாடுகிறோம். மனுஷர் பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. பூட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக் கம்பெனி குரூப்பில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார், நெஞ்சு வரை நனைந்து. "வந்தேன்னு சாட்சி வேணும்லா?"

2022 பிப்ரவரி 2 புதுத் தொழிலாளர் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். அன்றைக்கு அறையில் பாயசம் வைத்தார். 1980-ஆம் வருடத்துப் பழைய சட்டப்படி, காலவரையில்லாத ஒப்பந்தத்தில் இருப்பவன் மூன்று வருடத்துக்குள் தானாக விலகினால் கிராஜுவிட்டியில் மூன்றில் ஒரு பங்குதான். ஐந்து வருடத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு. புதுச் சட்டம் அந்த வெட்டை எடுத்துவிட்டது. அண்ணாச்சி அப்போதே பத்து வருடம் தாண்டியவர். அவருக்கு அதில் ஒரு பில்ஸ் லாபமில்லை. முந்திரி மட்டும் நிறையப் போட்டிருந்தார்.

லீவு விஷயத்திலும் வாத்தியார் அவர்தான். வருடத்துக்கு 30 நாள். பெருநாள் விடுமுறை அதற்குள் விழுந்தால் லீவோடு கரைந்துவிடும் என்று, தங்கச்சி மகள் கல்யாணத்துக்கே தேதியைத் தள்ளச் சொன்னவர். ஊர் ஜோசியர் ஒரு நாள் சொல்கிறார், இங்கே பிறை தெரிய வேண்டும் என்கிறார்கள். நடுவில் மாப்பிள்ளை வீட்டார் கைபிசைந்து நின்றார்கள். யாராவது காய்ச்சலில் படுத்தால் கஞ்சிக்கு முன்னால் இவர் வருவார்: "முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் அரைச் சம்பளம், அதுக்கு மேல 45 நாள் ஒண்ணும் கிடையாது. அதுக்குள்ள எந்திரிச்சிரு."

என் அப்பா தவறிய செய்தி ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேல்கட்டிலிலிருந்து குரல்: "தாய் தகப்பனுக்கு 3 நாள். சம்பளத்தோட. பொண்டாட்டிக்கு 5." எழுந்து ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. அதற்குள் இறங்கி வந்துவிட்டார். என் பாஸ்வேர்டைக் கேட்டு மெயில் அடித்தார். மூன்று நாளோடு வருட லீவில் ஏழு நாள் சேர்த்துக் கேட்டு, விடியுமுன் டிக்கெட்டும் போட்டாயிற்று. காசு அவருடையது. திரும்பி வந்து கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் தலையணைக்கு அடியில் வைத்தார். டீக்கு அரை நாள் கணக்குப் பார்க்கிற ஆள், அந்த டிக்கெட் எத்தனை நாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அதனால் என் கோபம் அவர்மேல் இல்லை, அவருடைய ஒப்பந்தத்தின்மேல்தான். அவர் சம்பளம் 3,000. ஒப்பந்தத்தில் பேசிக் 1,200, மீதி 1,800 வீடு, வண்டி, இன்னபிற அலவன்ஸ். கிராஜுவிட்டி பேசிக்குக்கு மட்டும்தான். மொத்தச் சம்பளமும் பேசிக்காக இருந்திருந்தால் அதே 14 வருடத்துக்கு 37,500 வரும். வரப்போவது 15,000. 22,500 திர்ஹம் அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு வரியில் போய்விட்டது. திருட்டு என்று சொல்ல முடியாது, எல்லாம் சட்டப்படி சரி. கடைசியாக வாங்கும் பேசிக்கை வைத்துத்தான் கணக்கு என்பதால் வருடாவருடம் ஆபீஸில் போய் நிற்பார். "சம்பளத்தைக் கூட்ட வேண்டாம் சார், பேசிக்கை மட்டும் கூட்டுங்க." உள்ளே இருக்கிறவருக்கு அவரைப் புரியாமல் இல்லை. நன்றாகப் புரியும். புரிந்துதான் ஒவ்வொரு முறையும் நூறோ ஐம்பதோ அலவன்ஸில் போடுகிறார். போட்ட நூறையும் ஒன்றிரண்டு வருடத்தில் வேறு கணக்கில் பிடித்து, மொத்தம் பழையபடி 3,000-க்கே வந்து நிற்கும். சிரித்துச் சிரித்து ஒரு மனிதனை 14 வருடம் இப்படி வைத்திருக்கலாம் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். பார்க்க நன்றாக இல்லை.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அந்த வரியைப் பார்க்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "மொத்தம் எவ்வளவுன்னு கேட்டேன்லே. 3,000-ன்னான். போட்டுட்டேன்."

உங்கள் வீட்டில் யாருக்காவது துபாய் விசா வந்திருந்தால் தயவுசெய்து பேசிக் எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன்னால். கேட்காமல் வந்துவிட்டால், எங்கள் அறையில் இடமில்லை.